நாமினி பெயர் போட்டாயிற்றா?



வங்கியில் கணக்குத் தொடங்கும்போது படிவத்தில் ‘நாமினி’ என்று ஒரு கட்டம் வரும். கல்யாணத்துக்கு முன்பு என்றால் அம்மா பெயர், பின்பு என்றால் மனைவி பெயர். எழுதிக் கொடுத்ததோடு அதை மறந்துவிடுகிறோம், இல்லையா?

‘அவளைத்தானே நாமினியா போட்டிருக்கான், எனக்கு ஏது பங்கு?’ என்று மகனைப் பறிகொடுத்த தாய் பேசாமல் ஒதுங்கிக்கொள்வது பல வீடுகளில் நடக்கிறது. அது தவறு. வங்கியிலிருந்து பணத்தை வாங்கும் பொறுப்புதான் நாமினிக்கு. வாங்கிய பணம் வாரிசுகளைச் சேர வேண்டியது. உயில் எழுதாமல் ஓர் இந்துக் கணவர் இறந்தால், மனைவி, மகன், மகள், அவரைப் பெற்ற தாய் எல்லோருக்கும் சம பங்கு உண்டு. மகள் கல்யாணமாகிப் போனவள் என்பதால் அவள் பங்கு குறையாது.

உச்ச நீதிமன்றம் இன்சூரன்ஸ் வழக்கு ஒன்றில் 1984-லேயே நாமினி பணத்தை வாங்குபவர்தான், அதன் உரிமையாளர் அல்ல என்று சொல்லிவிட்டது. 2023-ல் கம்பெனிப் பங்குகளுக்கும் அதையே உறுதி செய்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், 2015-ல் வந்த சட்டத் திருத்தம் பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள் ஆகிய நாமினிகளுக்குக் கூடுதல் உரிமை தந்திருக்கிறது. அதையொட்டியும் வழக்குகள் நடக்கின்றன.

அப்படியென்றால் நாமினி எதற்கு? நாமினி இல்லாத வீட்டார் படும் பாட்டைப் பாருங்கள். துக்கம் ஆறுவதற்குள் வாரிசுச் சான்றுக்கு தாலுகா ஆபீஸ், கையெழுத்துக்கு ஊர் ஊராக உறவுகள் என்று அலைச்சல். அந்தச் சிரமத்தை நம் வீட்டுப் பெண்களுக்கு வைக்கலாமா?

பத்து வருடம் யாரும் தொடாத டெபாசிட், ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். உரியவர்கள் பிறகும் கேட்டு வாங்கலாம். ஆனால் அப்படி ஒரு கணக்கு இருப்பதே வீட்டில் தெரியாவிட்டால் யார் போய்க் கேட்பது?

அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்புக், எஃப்.டி. ரசீது, பாலிசி எல்லாவற்றையும் எடுத்து வைத்துக் குடும்பத்தோடு உட்காருங்கள். நாமினியாகப் போட்ட அப்பா காலமாகியிருக்கலாம், உடனே மாற்றுங்கள். 2025 நவம்பரிலிருந்து வங்கி டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி வைக்கலாம்.

கூடவே ஓர் உயிலும் எழுதிவிடுங்கள். ‘இப்பவே என்னத்துக்கு?’ என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளே போதும். நீங்கள் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். சாட்சிகள் உங்களைவிட வயதில் இளையவர்களாக இருந்தால் நல்லது.

அன்புடன்,
ஆசிரியர்