அறுக்க வேண்டிய சங்கிலி

ஆங்கிலத்தில் ‘செயின் மெயில்’ என்னும் தொடருக்குப் பொருள் இரண்டு. ஒன்று, இடைக்கால ஐரோப்பிய வீரர் அணிந்த இரும்பு வளையக் கவசம். அந்த ‘மெயில்’ வலைக்கண்ணியைக் குறிக்கும் ‘மாக்குலா’ என்னும் இலத்தீன் சொல்வழி வந்தது. மற்றொன்று, கைமாறிச் செல்லும் சங்கிலிக் கடிதம். இந்த ‘மெயில்’ பையைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. ஒலி ஒன்று, பிறப்பு வேறு, தொழிலோ நேர் எதிர். முன்னது உடலைக் காத்தது. பின்னது உள்ளத்தைப் பிணிக்கிறது.

இக்கடிதம் நம் இல்லங்களுக்குப் புதிதன்று. புனித அந்தோணியார் பெயரிலும் புனித யூதா ததேயு பெயரிலும் அது வரும். ஒன்பது பேருக்கு அனுப்பினால் நன்மை; அனுப்பாவிடில் கேடு. அன்று அஞ்சலட்டையில் வந்த மிரட்டல் இன்று வாட்ஸ்அப்பில் வருகிறது.

“செபம் பரவுவது நல்லதுதானே?” என்பர் சிலர். செபம் பரவட்டும், அதன் வாலில் சாபம் எதற்கு? கணக்கையும் பாருங்கள். பெறும் ஒவ்வொருவரும் ஒன்பது புதியவர்க்கு அனுப்பினால், பத்தாம் சுற்றில் கடிதங்கள் ஏறத்தாழ 348 கோடி. பதினோராம் சுற்றில் 3,138 கோடி. உலக மக்களோ 800 கோடிக்குச் சற்று மேல். ஆகவே இச்சங்கிலி எங்கோ அறுந்தே தீரும். அனுப்புவதற்கு ஆளில்லாதவனையும் தண்டிப்பவராகப் புனிதரைக் காட்டுவது பக்தியா, பழிதூற்றலா?

1935-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் பத்துக் காசு கேட்ட சங்கிலிக் கடிதங்கள் பெருகி, அஞ்சலகமே திணறியது. அங்கே ஆசை ஓட்டியது. இங்கே அச்சம் ஓட்டுகிறது. பணச்சுழற்சித் திட்டங்களை நம் நாடு 1978-இல் சட்டமியற்றித் தடைசெய்தது. அச்சச் சுழற்சியைத் தடுக்க வேண்டியது நம் விசுவாசமே.

செபத்தின் பலனை உள்ளத்தின் மனநிலையிலன்றி வெறும் வெளிச்செயலில் ஏற்றிவைப்பது மூடநம்பிக்கை என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் (1992) தெளிவாகவே போதிக்கிறது. எண்ணிக்கையை எண்ணி அருள் வழங்குபவரல்லர் நம் தந்தை. மிகுதியான சொற்களால் செபம் கேட்கப்படும் என எண்ண வேண்டாமென்று ஆண்டவரே மலைப்பொழிவில் எச்சரித்தார். மிகுதியான படிகளால் மட்டும் கேட்கப்படுமோ?

எனவே அன்பர்களே, அத்தகைய கடிதம் வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்காக ஒருமுறை மன்றாடுங்கள். அச்சம் அவரைவிட்டு நீங்கட்டும். எபேசியருக்குத் தூய பவுல் எடுத்துரைத்த கவசம் நீதி என்னும் மார்புக்கவசம். அதை அணிந்தவர்க்கு இக்காகிதச் சங்கிலி எம்மாத்திரம்?