உணவையும் வெட்டி, வகுப்பையும் மூடி

அமெரிக்காவில் உணவு மானியம் பெறும் ஏழைகளுக்குச் சத்துணவு பற்றியும் சிக்கனமாகச் சமைப்பது பற்றியும் வகுப்பெடுக்க 'ஸ்நாப்-எட்' என்றொரு திட்டம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவந்தது. 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் அதற்கான நிதியை நிறுத்தியது. செப்டம்பரோடு அதன் கதை முடிந்தது. 'சமைக்கத் தெரியாததாலா ஏழை பட்டினி கிடக்கிறான்?' என்று சரியாகவே கேட்டுவரும் நம் தோழர்களுக்கு, ஒரு கண்துடைப்பு ஒழிந்தது என்று தோன்றக்கூடும். அவ்வாறு கருதலாகாது என்பதே என் வாதம்.

இவ்வகுப்புகள் நடந்த இடங்களுள் ஒன்று 'ஃபுட் பேன்ட்ரி'. நமக்குப் பேன்ட்ரி என்றால் இரயிலின் சமையல் பெட்டி; அவர்களுக்கோ அது வீட்டுச் சமையலறையை ஒட்டிய பண்டக அறை. அந்த அறை வெறுமையானவர்கள் தேவாலயக் கூடங்களிலும் சமூகக் கூடங்களிலும் இலவசப் பைக்காக வரிசையில் நிற்கிறார்கள். அந்த இடத்துக்கும் அதே பெயர்தான். பையில் வருவது பெரும்பாலும் நன்கொடையாகக் கிடைத்தது; வாங்குபவர் விரும்பியதன்று. டப்பாவில் அடைத்த பீன்ஸை நீரில் அலசினால் உப்புக் குறையும், உறையின் பின்புறம் அச்சிட்ட சர்க்கரை அளவை இப்படிப் படிக்க வேண்டும், ஒரு கோழியை மூன்று வேளைக்கு இப்படிப் பிரிக்கலாம் என்பன பாடங்கள். நீரிழிவும் இரத்தக்கொதிப்பும் உள்ள தொழிலாளிக்கு இவை அற்பமல்ல. 'குக்கிங் மேட்டர்ஸ்' என்ற வேறொரு தொண்டு முயற்சியில், அன்று கற்றதை வீட்டில் சமைத்துப் பார்க்கத் தேவையான பொருள்களையும் கையில் கொடுத்தனுப்புவார்கள். பாடத்தோடு பண்டமும் சேரும்போது அது உபதேசமாக இருப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. அரசின் உணவு மானிய அட்டையைக் கொண்டு சூடான சமைத்த உணவை வாங்கக் கூடாது என்பது அங்கே பொது விதி. கடையில் வாட்டி வைத்த சூடான கோழிக்குத் தடை. பச்சைக் கோழிக்கு அனுமதி. இரண்டு வேலை பார்த்துவிட்டு இரவில் வீடு திரும்பும் பெண் அடுப்பை மூட்டியே ஆக வேண்டும். சமையலைக் கட்டாயமாக்கிய அரசு, சமையல் கற்பிப்பதை வீண்செலவு என்கிறது!

இத்திட்டத்தால் ஏழைகளின் சத்துநிலையிலும் உடற்பருமனிலும் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை என்று குடியரசுக் கட்சியினர் வாதிட்டனர். நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 டாலர் மானியம்; கூலியோ வாடகைக்கே பற்றாது. இவற்றைத் தொடாமல், உடல் மெலியவில்லை என்ற பழியை மட்டும் பாடத்தின்மீது சுமத்தினார்கள். வகுப்புக்கு ஆண்டுக்கு 50 கோடி டாலருக்குச் சற்று மேல்தான் செலவு. அதே சட்டம் உணவு மானியத்தில் பத்தாண்டுகளில் வெட்டுவது 18,000 கோடி டாலருக்கும் மேல். வகுப்பை மூடிய பணம் உணவுக்குப் போகவில்லை.

மொழிபெயர்ப்பாளன் என்பதால் ஒரு சொல்லைக் குறிப்பிட விரும்புகிறேன். 2006இல் அமெரிக்க வேளாண் துறை தன் கணக்கெடுப்பு வகைப்பாட்டிலிருந்து 'பசி' என்ற சொல்லையே நீக்கியது; 'மிகக் குறைந்த உணவுப் பாதுகாப்பு' என்றது. தமிழில் இதை எப்படி எழுதினாலும் வயிறு எரிவது தெரிவதில்லை. 2023இல் 4.7 கோடிப் பேர் உணவுப் பாதுகாப்பற்ற குடும்பங்களில் வாழ்ந்ததாக அத்துறையின் அறிக்கையே சொன்னது. 2025 செப்டம்பரில் அந்த ஆண்டறிக்கையையும் நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். சொல் போயிற்று, வகுப்பு போயிற்று, கணக்கும் போகிறது.

நம் நாட்டில் வகுப்பு மூடப்படவில்லை. ஆண்டுதோறும் செப்டம்பரில் 'போஷண் மாஹ்' கொண்டாடுகிறார்கள். பருப்பும் கீரையும் சிறுதானியமும் சேர்த்துச் சமைக்கும் முறையை அங்கன்வாடிகளில் விளக்குகிறார்கள். ஆனால் 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் முன்னுரிமைக் குடும்பத்தினருக்கு உறுதியளிப்பது தலைக்கு மாதம் 5 கிலோ தானியம் மட்டுமே. பருப்புமில்லை, எண்ணெயுமில்லை. 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. அவர்களுக்குச் செய்முறை விளக்கம் தருவதைக் கேலி செய்ய வேண்டியதில்லை. விளக்கத்தில் வரும் பருப்பு ரேசன் கடையில் எங்கே என்று கேட்க வேண்டும். வகுப்பெடுக்கும் அங்கன்வாடி ஊழியரையும் அப்போது மறக்கலாகாது. 2018இல் ஒன்றிய அரசு அவருக்கு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். தாம் கற்பிக்கும் உணவை அவரால் தம் வீட்டில் சமைக்க முடிகிறதா என்று எந்தத் துறையும் கேட்பதில்லை.