காயம் யாருக்கு, கதை யாருக்கு?

போர்முனையிலிருந்து திரும்பி வருகிறான் ஒருவன். ராத்திரித் தூக்கம் கிடையாது. குடிக்கிறான். பெண்டாட்டி விட்டுப் போய்விட்டாள், அல்லது அவன் கட்டிக்கொள்ளவே இல்லை. மேலதிகாரியை மதிப்பதில்லை. ஆனால் யாரும் தேடாத ஒரு பிணத்துக்காக ஊரையே புரட்டிப் போடுகிறான். கையில் போலீஸ் பேட்ஜ், இடுப்பில் துப்பாக்கி. அமெரிக்க, ஆங்கிலத் துப்பறியும் நாவலிலும் தொலைக்காட்சித் தொடரிலும் இந்த ஆள் பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறான். இவனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நம்ம இலக்கிய நண்பர்களுக்குக் குரல் தழுதழுத்துவிடுகிறது. ‘சிக்கலான பாத்திரம்’ என்கிறார்கள். ‘கறுப்புமில்லை, வெள்ளையுமில்லை, சாம்பல் நிறம்’ என்கிறார்கள்.

எனக்கு இந்தச் சாம்பல் நிறத்தின் மேல்தான் சந்தேகம். கறுப்பா வெள்ளையா என்று நிஜமாகவே தோலைப் பார்த்து ஆளைப் பிரித்து அடித்த போலீஸ் அது. அங்கே போய் நின்றுகொண்டு எல்லாமே சாம்பல்தானே என்று சொன்னால், அது யாருக்குச் சௌகரியம்?

ஹாரி போஷை எடுத்துக்கொள்வோம். மைக்கேல் கானலி 1992ல் ‘தி ப்ளாக் எக்கோ’ நாவலில் உருவாக்கிய பாத்திரம். வியட்நாமில் எதிரிகள் தோண்டிய சுரங்கங்களுக்குள் இறங்கிப் போன ‘சுரங்க எலி’. அந்த இருட்டு அவனை விடவில்லை. இப்போது லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸில் கொலைப் பிரிவு துப்பறிவாளன். அம்மா பாலியல் தொழில் செய்தவள்; கொலை செய்யப்பட்டவள்; அந்த வழக்கை யாரும் பொருட்படுத்தவில்லை. அதனால் எந்தச் சாவும் அற்பமில்லை என்பது அவன் கொள்கை. நல்ல கொள்கைதான், நான் மறுக்கவில்லை. கானலி பத்திரிகையில் குற்றச் செய்தி எழுதியவர், விவரம் தெரிந்தவர். போலீஸின் நிறவெறியை அவர் எழுதாமலும் விடவில்லை.

எப்படி எழுதுகிறார் என்பதுதான் என் கேள்வி. 1994ல் வந்த ‘தி காங்க்ரீட் ப்ளாண்ட்’ நாவலில், ஆயுதம் இல்லாத ஒருவனைச் சுட்டுக் கொன்றதற்காக போஷ் கூண்டில் நிற்கிறான். செத்தவனின் மனைவி வழக்குப் போட்டிருக்கிறாள். அவளுக்காக வாதாடுகிற பெண் வக்கீல் நாவல் முடிவதற்குள் கொலை செய்யப்படுகிறார். 1999ல் வந்த ‘ஏஞ்சல்ஸ் ஃப்ளைட்’டில் போலீஸ் மேல் வழக்குப் போட்டே பேர் வாங்கிய ஒரு கறுப்பின வக்கீல். அவர் கதை தொடங்கும்போதே பிணம். ரெண்டு நாவலிலும் போலீஸைக் கேள்வி கேட்ட வக்கீல் செத்துப்போகிறார்; கொன்றவனைக் கண்டுபிடித்து நியாயம் வாங்கித் தருவது போஷ். கேட்ட வாயை மூடிவிட்டு, கேட்கப்பட்டவன் கையிலேயே நியாயத்தைக் கொடுக்கிற ஏற்பாடு இது. இதைத் திட்டம் போட்டுச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கதையாடல் அப்படித்தான் வேலை செய்கிறது.

இன்னொன்று. அந்த 1994 நாவலில் சுடப்பட்டவன் நிஜமாகவே தொடர் கொலைகாரன்தான் என்று வாசகனுக்கு நிரூபித்துவிடுகிறார்கள். அப்புறம் என்ன? துப்பாக்கி தப்பு செய்யவில்லை, சட்டம்தான் மெதுவாக நடந்தது என்று ஆகிவிடுகிறது. ‘தி ப்ளாக் எக்கோ’ வந்த அதே வருஷம் ஏப்ரல் 29ஆம் தேதி, ரோட்னி கிங்கை நடுரோட்டில் போட்டு அடித்த நான்கு போலீஸ்காரர்களும் மாநில நீதிமன்றத்திலிருந்து தண்டனை இல்லாமல் வெளியே வந்தார்கள். அடித்தது வீடியோவில் இருந்தது. ஊரே பார்த்தது. அதற்குப் பின் லாஸ் ஏஞ்சல்ஸ் எரிந்தது. ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதே நகரம், அதே போலீஸ்.

‘அதெல்லாம் சரி, அவன் போரில் காயம்பட்டவன், மனசு உடைந்தவன்’ என்பார்கள். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நாவலில் அந்தக் காயம் ஒரு லைசென்ஸாக வேலை செய்கிறது. விதியை மீறினானா, காயம். கதவை உடைத்தானா, காயம். ஒருத்தனைச் சுவரோடு சேர்த்து அழுத்தினானா, பாவம், அவன் என்னென்ன பார்த்தானோ! அடி வாங்குனவன் என்னத்தப் பார்த்தான்னு எவனாவது கேட்டானா?

கதையில் வருகிற இந்தப் பாத்திரத்துக்கு நிஜத்தில் ஒரு ஆள் உண்டு. ஜான் பர்ஜ். வியட்நாமில் ராணுவ போலீஸில் சார்ஜெண்ட். வெண்கல நட்சத்திரம், பர்ப்பிள் ஹார்ட் என்று பதக்கங்கள் வாங்கியவன். 1970ல் சிகாகோ போலீஸில் சேர்ந்தான், 1972ல் துப்பறிவாளன் ஆனான். 1972லிருந்து 1991வரை அவனும் அவனுக்குக் கீழே இருந்தவர்களும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்களைச் சித்திரவதை செய்தார்கள். பெரும்பாலும் எல்லோருமே கறுப்பின மக்கள். தலையில் பிளாஸ்டிக் உறையை மாட்டி மூச்சை நிறுத்துவது, வாய்க்குள் துப்பாக்கி வைப்பது, கொதிக்கிற ரேடியேட்டரோடு சேர்த்துக் கட்டுவது. கையால் சுற்றுகிற ஒரு கறுப்புப் பெட்டி வைத்திருந்தான்; அதிலிருந்து வயர் எடுத்து உடம்பில் மாட்டிச் சுற்றினால் ஷாக் அடிக்கும். வியட்நாமில் ராணுவத்தின் கள டெலிபோனை வைத்து இப்படித்தான் விசாரணை நடத்தினார்கள் என்று அவன் இருந்த பிரிவின் முன்னாள் வீரர்கள் சிலர் ஜான் கான்ராய் என்ற பத்திரிகையாளரிடம் சொன்னார்கள். பர்ஜ் எல்லாவற்றையும் மறுத்தான். அவன் சொந்தப் படகின் பெயர் ‘விஜிலான்டி’. சட்டத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறவன் என்று அர்த்தம். நாவலாசிரியன் இப்படிப் பெயர் வைத்திருந்தால் ரொம்ப மிகை என்று நாமே சொல்லியிருப்போம்.

போர் அவனுக்குள் இருந்து வெளியே வந்தது. கனவாகவோ கண்ணீராகவோ வரவில்லை. கைப்பிடி வைத்த ஒரு பெட்டியாக வந்தது. வந்து இறங்கிய இடம் கறுப்பனின் உடம்பு. இந்தப் பக்கத்தை எந்தத் துப்பறியும் நாவல் எழுதியது?

1993ல் அவனை வேலையை விட்டு நீக்கினார்கள். சித்திரவதைக்காக வழக்கே போட முடியவில்லை, காலக்கெடு முடிந்துவிட்டதாம். கடைசியில் 2010ல், சத்தியப் பிரமாணத்தில் பொய் சொன்னதற்காகவும் நீதியைத் தடுத்ததற்காகவும் குற்றவாளி என்று தீர்ப்பானது. நாலரை வருஷம் தண்டனை. பென்ஷனை நிறுத்தலாமா என்று போலீஸ் பென்ஷன் வாரியம் ஓட்டுப் போட்டது. நாலுக்கு நாலு. அதனால் பென்ஷன் நின்றுபோகவில்லை. 2018ல் செத்தான். அவன் ஆட்கள் அடித்து வாங்கிய வாக்குமூலத்தில் மரண தண்டனை பெற்றுக் காத்திருந்தவர்களில் நான்கு பேரை, அவர்கள் நிரபராதிகள் என்று சொல்லி, 2003 ஜனவரியில் இல்லினாய் ஆளுநர் ஜார்ஜ் ரயன் மன்னிக்க வேண்டியிருந்தது. நாவலில் சுடப்பட்டவன் குற்றவாளியாகவே இருந்து தொலைக்கிறான். சிகாகோவில் நிரபராதி தூக்குமேடைப் பக்கம் போய்விட்டுத் திரும்புகிறான்.

நான் போருக்குப் போனவனின் வலியைக் கேலி செய்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். போருக்கு யார் போகிறார்கள்? 1966ல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் மக்நமாரா ‘ஒரு லட்சம் பேர் திட்டம்’ என்று ஒன்று கொண்டுவந்தார். தேர்வில் தேறாதவர்களையும் ராணுவத்தில் சேர்ப்பது. மூன்று லட்சத்துக்கும் மேல் ஆட்களை அள்ளினார்கள். அதில் சுமார் 40 சதவீதம் கறுப்பின இளைஞர்கள். அவர்களுக்கும் காயம் பட்டது, அவர்களுக்கும் தூக்கம் வரவில்லை. போருக்குப் பிந்தைய மனக்காயத்துக்கு அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 1980ல் ஒரு பெயர் கிடைத்தது. முன்னாள் வீரர்கள் போராடித்தான் அதை வாங்கினார்கள். சரியான போராட்டம். ஆனால் திரும்பி வந்த கறுப்பின வீரனுக்குத் துப்பறிவாளன் வேடம் கிடைத்ததா?

ஜெரோனிமோ ப்ராட் கதையைக் கேளுங்கள். வியட்நாமில் ரெண்டு முறை போரிட்டவர், பதக்கம் வாங்கியவர். திரும்பி வந்து லாஸ் ஏஞ்சல்ஸில் கருஞ்சிறுத்தைகள் கட்சியில் தலைவரானார். 1969 டிசம்பர் 8ஆம் தேதி போலீஸின் ‘ஸ்வாட்’ படை கட்சி அலுவலகத்தைத் தாக்கியபோது உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றியது அவர் அடுக்கச் சொல்லியிருந்த மண்மூட்டைகள். அந்த ஸ்வாட் படையும் ராணுவத்தில் இருந்து வந்தவர்களைப் பொறுக்கிச் சேர்த்த படைதான். ஒரே போர்ப் பயிற்சி. ஒரு பக்கம் சம்பளம், மறுபக்கம் ஜெயில். 1972ல் செய்யாத கொலைக்கு ப்ராட்டுக்குத் தண்டனை. முக்கியச் சாட்சி போலீஸுக்குத் துப்புச் சொல்கிறவன் என்பதை மறைத்துவிட்டார்கள். 27 வருஷம் உள்ளே. 1997ல் வெளியே வந்தார். ஹாரி போஷ் இருந்த அதே போர், அதே நகரம். இவருடைய கெட்ட கனவைப் பற்றி யார் தொடர் எடுத்தார்கள்?

இன்னும் பின்னால் போனால் ஐசக் உட்வர்டு. இரண்டாம் உலகப்போரில் பசிபிக் முனையில் இருந்த சார்ஜெண்ட். 1946 பிப்ரவரி 12ஆம் தேதி ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டு, உடுப்பைக்கூடக் கழற்றாமல் பஸ்ஸில் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒதுங்கப் போக வேண்டும், வண்டியை நிறுத்து என்று கேட்டதில் டிரைவரோடு வாய்த்தகராறு. தென் கரோலினாவில் பேட்ஸ்பர்க் என்ற ஊரில் போலீஸ் அவரை இறக்கி அடித்தது. ரெண்டு கண்ணும் போனது. அடித்த போலீஸ் தலைவனை, முழுக்க வெள்ளைக்காரர்களைக் கொண்ட நடுவர் குழு அரை மணி நேரத்துக்குள் விடுதலை செய்தது. யூனிஃபார்ம் போட்டால் சாதி மறைந்துவிடும் என்கிறவர்களுக்கு நமக்கும் சொல்ல ஒன்று உண்டு: சுபேதார் மகனாகப் பிறந்தும் அம்பேத்கர் பள்ளிக்கூடத்தில் தண்ணீர்ப் பானையைத் தொட முடியவில்லை.

‘இப்ப காலம் மாறிடுச்சு, கறுப்பினத் துப்பறிவாளனையே காட்டுறாங்களே’ என்று ஒரு பதில் வரும். வரட்டும். 2019ல் வந்த ‘ட்ரூ டிடெக்டிவ்’ மூன்றாம் பருவத்தில் வேய்ன் ஹேய்ஸ், வியட்நாமில் தடம் பார்த்துப் போன கறுப்பின வீரன், ஆர்கன்ஸாவில் துப்பறிவாளன். மஹெர்ஷலா அலி நடித்தார். முதலில் வெள்ளையருக்கென்று எழுதிய பாத்திரத்தை, நானே செய்கிறேன் என்று அவர் கேட்டு வாங்கினார். அதில் இன்னொரு வியட்நாம் வீரன் இருக்கிறான்: பிரெட் உட்வர்டு, அமெரிக்கப் பூர்வகுடி. வண்டி கட்டிக்கொண்டு தெருத் தெருவாகக் குப்பை பொறுக்கிப் பிழைக்கிறவன். குழந்தைகள் காணாமல் போனதும் ஊர் அவன் மேல் பாய்கிறது. அடித்துத் துவைக்கிறார்கள். கடைசியில் துப்பாக்கிச் சண்டையில் அவனைச் சுடுவது ஹேய்ஸ். சுட வைப்பது அவனேதான், சாக வேண்டும் என்று. செத்தவன் வீட்டில் பொய்ச் சாட்சியத்தை வைத்து வழக்கை அவன் தலையிலேயே கட்டி மூடிவிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால் அந்தத் தொடரின் உண்மையான கதை அதுதான். குப்பை பொறுக்குகிறவன், ஊருக்கு வெளியே உள்ளவன், எது நடந்தாலும் முதலில் சந்தேகப்படத் தகுந்தவன். இவனை நமக்குத் தெரியாதா? ஹேய்ஸ் இதைத் தவறு என்று சொல்கிறான், அதற்காக ஓரங்கட்டப்படுகிறான். அதைத் தொடர் காட்டுகிறது. அந்த நேர்மையை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எட்டு பகுதியும் ஓடுவது யாருடைய ஞாபகத்துக்குள்? ஹேய்ஸின் ஞாபகத்துக்குள். பேட்ஜ் உள்ளவனுக்கு ஞாபகம், குப்பைக்காரனுக்குச் சாவு. பேட்ஜைக் கறுப்புக் கைக்கு மாற்றிக் கொடுத்தாலும் கதை சொல்கிற இடம் மாறவில்லை.

இதை முற்றிலும் அம்மணமாகக் காட்டுவது ‘சார்ல்ஸ் டாட்’ என்ற புனைபெயரில் 1996ல் தொடங்கிய நாவல் வரிசை. முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய இயன் ரட்லெட்ஜ், ஸ்காட்லாண்ட் யார்டு இன்ஸ்பெக்டர். சாம் போர்முனையில், இனி என் ஆட்களைச் சாகக் கூட்டிப்போக மாட்டேன் என்று மறுத்த ஹேமிஷ் என்கிற கீழ்நிலை வீரனைக் கொல்ல உத்தரவிட்டவன். அந்த ஹேமிஷின் குரல் அவன் தலைக்குள் பேசிக்கொண்டே இருக்கிறது. கொல்லப்பட்டவன் பேசலாம், ஆனால் கொன்றவனின் மண்டைக்குள்ளிருந்துதான் பேச வேண்டும்! இது இலக்கிய உத்தி மட்டுமில்லை. இந்தப் பாத்திரவகை முழுவதற்கும் இதுதான் விதி. முதல் உலகப்போரில் இப்படிச் சொந்த ராணுவத்தாலேயே சுடப்பட்ட 306 பேருக்கு பிரிட்டிஷ் அரசு 2006ல்தான் மன்னிப்பு வழங்கியது. மன்னிக்க வேண்டியவர்கள் யார், மன்னித்தவர்கள் யார் பாருங்கள்.

தோழர்களே, இந்த நாவல்களைப் படிக்காதே, படங்களைப் பார்க்காதே என்று நான் சொல்ல வரவில்லை. படியுங்கள். படிக்கும்போது ஸ்டேஷனுக்குள் மேஜைக்கு இந்தப் பக்கம் விலங்கோடு உட்கார்ந்திருக்கிறவனுக்கு எத்தனை வரி கொடுத்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். கருஞ்சிறுத்தைகளைப் பார்த்துத்தான் 1972ல் பம்பாயில் நம்மவர்கள் தலித் சிறுத்தைகள் என்று பேர் வைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பேட்ஜ் மாட்டிய சோகத்தை இல்லை.

எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. சிகாகோவில் அடி வாங்கியவர்களும் அவர்களுடைய தாய்மார்களும் வக்கீல்களும் விடாமல் நின்றதால் 2015ல் நகரசபை நஷ்டஈட்டுத் தீர்மானம் போட்டது. 55 லட்சம் டாலர். அதோடு, பர்ஜ் செய்ததை நகரப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் பாடமாக வைக்க வேண்டும் என்றும் எழுதி வாங்கினார்கள். சித்திரவதைக்கு ஆளானவர்களுக்கென்று ஒரு மனநல மையமும் 2017ல் திறந்தது. அடித்தவனின் காயத்துக்கு 1980லேயே பெயர் கிடைத்தது. அடி வாங்கினவன் கதவைத் தட்ட ஒரு இடம் கிடைப்பதற்கு இன்னும் 37 வருஷம் ஆனது.

அந்தப் பிள்ளைகள் வகுப்பில் படிப்பது துப்பறிவாளனின் கெட்ட கனவை இல்லை. நாற்காலியில் கட்டப்பட்டிருந்தவன் சொன்னதை. எழுதுகிற தோழர்களிடம் நான் கேட்பதும் அதுதான். உங்கள் பக்கத்துத் தெருவில் ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்பியவர் இருப்பார். அவரிடம் போய் உட்காருங்கள். அவர் சொல்கிற மாதிரியே எழுதி, அவருக்கே படித்துக் காட்டிவிட்டு அனுப்புங்கள்.