வியர்க்கிறதுக்கு ஒரு பெட்டி

மஞ்சள் வேக வைக்கிற வேலையில மாட்டிக்கிட்டதால ரெண்டு வாரமா இந்தப் பக்கம் வர முடியல.

பெங்களூர்ல இருக்கிற என் அக்கா பையன் போன வாரம் வந்திருந்தான். வீட்டுக்குள்ளயே சவுனா பெட்டி வாங்கி வெச்சிருக்கானாம். மரப்பெட்டி, உள்ள ஹீட்டர், ஒரு ஆள் உக்காரலாம். "தினமும் இருபது நிமிஷம் மாமா, உடம்பு பஞ்சு மாதிரி ஆயிருது"ன்னு போட்டோ காட்டினான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "ஏங்கண்ணு, வியர்க்கிறதுக்குக் காசா? மஞ்சக் காட்டுக்கு வா, சும்மாவே வியர்க்க வெக்கிறேன்"னேன்.

அவனும் சிரிச்சான். அப்புறம் சொன்னான், "வேலை முடிஞ்சும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்குது மாமா. அந்தப் பெட்டிக்குள்ள மட்டும்தான் போன் கொண்டு போறதில்ல. சூட்டுல கெட்டுரும்."

அதுக்கு மேல எனக்குச் சிரிக்க வரல. எங்க மஞ்சள் வேக வைக்கிற ஆளுங்க நாள் பூரா நீராவிப் பக்கத்துலதான் நிக்கிறாங்க. அதை யாராவது ஓய்வுன்னு சொல்லுவாங்களா? சூட்டுல பாதிதான் விஷயம். மீதி, அந்த நேரத்துல நம்மள யாரும் கூப்பிட முடியாதுங்கிறதுதான்.

எங்கப்பாவுக்கு அது சனிக்கிழமை. காடே கதின்னு கெடந்த மனுசன், அன்னைக்கு மட்டும் கோமணத்தோட திண்ணையில உக்காந்துக்குவாரு. உச்சியில இருந்து பாதம் வரைக்கும் நல்லெண்ணெய். அரை மணி நேரம் ஊறணும். பின்னாடி தென்னம்பாளையும் மட்டையும் எரிஞ்சு அண்டாவுல தண்ணி கொதிக்கும். அரப்பு தேய்ச்சு, பொறுக்கிற சூட்டுல முழுகிட்டு வந்தா மிளகு ரசம். பகல்ல தூங்கக் கூடாது. வயல் வரப்புத் தகராறு பேச வந்தவன்கூட "எண்ணெ வெச்சிருக்கீங்களா, நாளைக்கு வர்றேன்"னு திரும்பிப் போயிருவான். என் வீட்டுக்காரிக்குப் பிரசவம் ஆனப்ப எங்கம்மா நொச்சி, வேம்பு, புளிய இலை போட்டுக் கொதிக்க வெச்ச தண்ணியிலதான் ஊத்தி விட்டாங்க. எங்களுக்குச் சவுனா இதுதானுங்க.

பின்லாந்துல 55 லட்சம் சனத்துக்கு 30 லட்சம் சவுனா இருக்குதாம். 2020ல யுனெஸ்கோவே அதைப் பண்பாட்டுப் பட்டியல்ல சேர்த்திருச்சு. கிழக்கு பின்லாந்துல 2,300 ஆம்பளைங்களை 20 வருஷம் கவனிச்ச ஆய்வு 2015ல வந்துச்சு. வாரத்துல நாலு தடவையோ அதுக்கு மேலயோ போனவங்களுக்கு மாரடைப்புச் சாவு குறைவாம். பொய்யின்னு சொல்ல மாட்டேன். ஆனா அதனாலதான் குறைஞ்சுதுன்னு அடிச்சுச் சொல்லவும் முடியாது, தெம்பா இருக்கிறவன்தான் அடிக்கடி போவான். அவங்க ஊர் குளிரு வேற, பனியில புரண்டு எந்திரிக்கிறாங்க. நம்ம சித்திரை வெயில்ல உடம்பு ஏற்கெனவே உப்பையும் தண்ணியையும் எறச்சுக்கிட்டுத்தான் இருக்குது.

எனக்கு உறுத்துறது வேற. மூட்டு வலிக்கு நல்லதுன்னு என் அக்காளும் அந்தப் பெட்டியில உக்கார்றாளாம். அக்காளுக்குப் பிரஷர் மாத்திரை ஓடுது. ஒரு நாள் எந்திரிக்கும்போது கண்ணு இருட்டி, கதவைப் புடிச்சுக்கிட்டு நின்னாளாம். பேச்சோட பேச்சா பையன் இதைச் சொன்னான், எனக்கு வயிறு கலங்கிருச்சு. சூட்டுல ரத்தக் குழாய் விரியும், பிரஷர் எறங்கும். மாத்திரையும் எறக்கும். ரெண்டும் சேர்ந்தா ஆள் கீழ விழ வேண்டியதுதான். டாக்டரைக் கேக்காம உக்கார வெக்காதே, தனியா விடாதே, தண்ணி குடிக்கச் சொல்லு, முடிஞ்சதும் படக்குன்னு எந்திரிக்க விடாதேன்னு சத்தம் போட்டுத்தான் அனுப்பினேன்.

போறப்ப அவன் ஒரு கேள்வி கேட்டான். "நீங்க கடைசியா எப்ப மாமா எண்ணெ வெச்சீங்க?" தீபாவளிக்கு. அதுவும் கடமைக்கு ஒரு சொட்டு. சனிக்கிழமையும் மோட்டார் போடணும், கரண்டு எப்ப வருதுன்னு போனையே பார்த்துக்கிட்டு இருக்கிறவன் நான், அவனைப் பார்த்துச் சிரிச்சிருக்கேன்.

அரப்பு டப்பாவை எறக்கிப் பார்த்தா உள்ள பூரா வண்டு. குளத்து மேட்டுல உசிலை மரம் தழைஞ்சு நிக்குது. நேத்து ஒடிச்சுட்டு வந்து நெழல்ல காயப் போட்டிருக்கேன்.