புலமைப்பரிசில்: உயர்தரத்தின் முதலாண்டிலேயே தொடங்குங்கள்

உயர்தரப் பெறுபேறும் வெட்டுப்புள்ளியும் வெளிவந்த பிறகே புலமைப்பரிசிலைப் பற்றி விசாரிக்கும் வழக்கம் எங்கள் யாழ் குடாநாட்டில் மாறவேண்டும். 1981இல் தொடங்கிய மகாபொல நிதியம் பெறுபேற்றையும் குடும்ப வருமானத்தையும் பார்த்தே பல்கலைக்கழக மாணவருக்கு உதவுகிறது. அதற்குக் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் ஜனாதிபதி நிதியத்தின் உதவி, சாதாரண தரத்தில் சித்தியடைந்து உயர்தரம் கற்கும் வறிய மாணவருக்கானது. அந்தக் காலத்தைத் தவறவிட்டால் பிறகு கேட்க முடியாது. இந்திய அரசின் பட்டப்படிப்புப் புலமைப்பரிசில்களின் முடிவுத் திகதியோ எங்கள் பரீட்சைக் கால அட்டவணையைப் பார்த்து வருவதில்லை.

பிள்ளைகளை அதிகம் வதைப்பது விண்ணப்பத்துக்கான பத்திரங்கள்தான். கடற்றொழிலாளிக்கும் தோட்டத்தில் கூலிக்குப் போகும் தாய்க்கும் சம்பளச் சிட்டை ஏது? கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், பிரதேச செயலகத்தின் ஒப்பம், பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு என ஒவ்வொன்றுக்கும் நாள் போகும், நாட்கூலியும் போகும். கெட்டிக்காரப் பிள்ளை ஒரு கடதாசிக்காகப் பின்தங்குவது பெரும் அநியாயம்.

அதிபர்களே, உயர்தர வகுப்பு தொடங்கும் மாதத்திலேயே பெற்றோரை அழைத்து இவற்றை விளக்குங்கள். புலம்பெயர்ந்த பழைய மாணவர் சங்கங்களும் தங்கள் உதவித்தொகையை அப்போதே அறிவிக்கவேண்டும்.