உறங்கும் ஏடுகள் உழைப்போர் கைக்கு வரட்டும்!

சட்டத்தை அறியவில்லை என்று எவரும் சாக்குச் சொல்ல முடியாது என்கிறார்கள் நீதிமன்றத்தார். சரி, ஒப்புக்கொள்கிறோம். ஆனால், அறிந்துகொள்ள ஏடு எங்கே என்று ஏழை கேட்டால், அதற்கு விடை சொல்ல வேண்டியவர் யார்? சட்டம் ஆங்கிலத்தில், தீர்ப்பு ஆங்கிலத்தில், அவற்றை ஒருகாலத்தில் தமிழிலே தந்த நூல்களோ நூலகத்தின் இருட்டு அலமாரியில்! தண்டனை மட்டும் தமிழனுக்கு! இந்த நிலை நீடிக்கலாமா என்பதே நம் கேள்வி.

ஆர்.கே.பேட்டைக்குச் சென்று பாருங்கள். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் என்று அந்த வட்டாரமே தறியோசையால் விடிந்து தறியோசையால் அடங்கும் வட்டாரம். கைத்தறி குறைந்து விசைத்தறி பெருகியிருக்கலாம். நெய்பவன் நிலை அதே வேகத்தில் உயர்ந்துவிட்டதா? எந்தத் துணியைக் கைத்தறிக்கென ஒதுக்கியிருக்கிறார்கள் என்று விதிக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டமும், கூட்டுறவுச் சங்கங்களைக் கட்டியாளும் 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டமும் அவன் வயிற்றோடு தொடர்புடையவை. ஆனால் அவன் வீட்டுப் பரணில் அவற்றில் ஒன்றேனும் உண்டா? பாவு எத்தனை, ஊடை எத்தனை என்று விரல் நுனியில் கணக்கு வைத்திருப்பவனுக்குத் தன் சங்கத்தின் துணைவிதி என்ன சொல்கிறது என்று தெரியாதிருப்பது அவன் குற்றமல்ல. அவன் கைக்கு எட்டும்படி அதை எழுதி அச்சிட்டுத் தராதவர்களின் குற்றம்!

அந்த ஊர்க்காரர்களின் வரலாறே ஒரு சட்டத்தின் பக்கத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணி வட்டாரமும் அங்கே போயிற்று. மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் மற்றும் பலரும் நடத்திய வடக்கெல்லைக் கிளர்ச்சிக்குப் பிறகு, படாஸ்கர் முன்னின்று பேசி முடித்த பிறகு, 1959ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டம் பிறந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் அந்தப் பகுதி நம்மோடு சேர்ந்தது. திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களின் சில ஊர்கள் பதிலுக்கு அங்கே சென்றன. எந்த ஊர் வந்தது, எந்த ஊர் போயிற்று என்பது அந்தச் சட்டத்தின் அட்டவணையிலே இருக்கிறது. தெலுங்கும் தமிழும் தோளோடு தோள் சேர்ந்து வாழும் அந்தத் தெருக்களில், தம்மை இங்கே சேர்த்த அந்தச் சட்டத்தைக் கண்ணால் கண்ட இளைஞர் எத்தனை பேர்?

பழைய சட்ட நூல்களையும் சங்க நூல்களையும் மறுபதிப்புச் செய்யவேண்டும் என்று நாம் சொல்வது, பழமை மோகத்தால் அல்ல. மக்களிடமிருந்து எடுத்துச் செல்லப்பட்ட பொருளை மக்களிடமே திருப்பிக் கொடுங்கள் என்பதுதான் நம் வாதம்.

தமிழிலே சட்டம் எழுத முடியுமா என்று இன்றைக்கும் சிலர் ஐயுறுகிறார்கள். அவர்களுக்கு 160 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் விடை தந்துவிட்டார். அவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளியிட்டுத் தமிழுக்கு முதல் நாவல் தந்தவர் என்றே அவரை நாடு அறியும். முன்சீப்பாக இருந்த அவர், 1805 முதல் 1861 வரை சதர் நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளைத் தமிழிலே தொகுத்து, 'சித்தாந்த சங்கிரகம்' என்று 1862இல் வெளியிட்டார். சென்னை உயர்நீதிமன்றம் பிறந்ததும் அதே 1862ஆம் ஆண்டிலேதான்! ஆங்கிலத்தில் நடக்கும் உயர்நீதிமன்றம் தோன்றிய ஆண்டிலேயே தமிழில் தீர்ப்புத் தொகுதி தோன்றிவிட்டது. கட்டடம் வளர்ந்தது, ஏடு மறைந்தது. நாவலுக்குப் பதிப்பு மேல் பதிப்பு வருகிறது, நல்லதுதான். தீர்ப்புத் தொகுதியை எடுத்துப் பார்த்த வழக்கறிஞர் எத்தனை பேர்? சட்டக் கல்லூரி மாணவர் எத்தனை பேர்?

"மாண்டுபோன சட்டத்துக்கு மறுபதிப்பு எதற்கு? பிணத்துக்குப் பட்டாடையா?" என்று ஏளனம் பேசுவோர் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வோம். இன்றைய உரிமை வானத்திலிருந்து விழுந்ததல்ல. அது எவ்வாறு வந்தது என்று அறியாதவன், அது எவ்வாறு போகும் என்பதையும் அறியமாட்டான்.

சென்னைத் தொழிலாளர் சங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1918 ஏப்ரல் 27இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காகத் தோன்றிய சங்கம் அது. பி.பி.வாடியா தலைமையேற்றார், திரு.வி.க. தொண்டாற்றினார். 1920இல் ஆலையில் தகராறு முற்றியபோது, பின்னி நிர்வாகம் உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. தொழிலாளி முதலாளியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை மீறும்படி தூண்டினார்கள் என்று வாடியா முதலியோர்மீது வழக்கு. நஷ்டஈடு கேட்டு வழக்கு! நீதிமன்றம் தடையாணையும் பிறப்பித்தது. வேலைநிறுத்தம் செய்யுங்கள் என்று சொல்வதே அன்றைய சட்டத்தின் கண்ணிலே குற்றம் போலாயிற்று. சமரசத்தின் விலையாக வாடியா ஒதுங்க நேர்ந்தது. இந்த அநீதி கண்டுதான் 1921இல் என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையிலே தீர்மானம் கொண்டுவந்தார். ஐந்தாண்டு இழுபறிக்குப் பின் 1926இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. சங்கப் பணிக்காகச் சிவில் வழக்கிலே சிக்காதிருக்கும் பாதுகாப்பை அதன் 18ஆம் பிரிவு தந்தது.

அந்தச் சட்டம் இன்று தனியே இல்லை. 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுத் தொகுப்பு 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்ததும் அது விடைபெற்றது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலே வேலை செய்யும் தொழிலாளி, பழையதில் என்ன இருந்தது, புதியதில் என்ன இருக்கிறது என்று இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே, கிடைத்தது எது, இழந்தது எது என்று அவனே தீர்ப்புச் சொல்ல முடியும்? பழைய ஏட்டை மறைத்துவிட்டுப் புதிய ஏட்டை மட்டும் நீட்டுவது, பழைய கணக்கைக் கிழித்துவிட்டுப் புதுக் கணக்கு எழுதும் வட்டிக்கடைக்காரன் வழக்கம்!

சங்க நூல்கள் என்றோமே, அவற்றுள் கூட்டுறவு ஏடுகளுக்கும் தனி இடம் உண்டு. ஐரோப்பாவிலே உழவரும் கைவினைஞரும் ஒருவருக்கொருவர் ஜாமீனாக நின்று கடன் பெற்ற முறையை ஆராய்ந்து, சென்னை அரசாங்க அதிகாரி பிரடரிக் நிக்கல்சன் 1895லும் 1897லும் இரண்டு தொகுதியாக அறிக்கை தந்தார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் திருவல்லிக்கேணியிலே நகரக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரிலே உழவர் கடன் சங்கம் எழுந்தது. நாட்டுக்கே முன்னோடியான ஒரு சங்கம் பிறந்த மாவட்டத்திலே, 'உறுப்பினர் எல்லோரும் ஒரே வாக்கு உடையவர்' என்ற கூட்டுறவின் அடிப்படை விதி எத்தனை உறுப்பினருக்குத் தெரியும்? பெரும் பங்கு வைத்திருப்பவனுக்கும் ஒரு வாக்கு. ஒற்றைப் பங்குக்காரனுக்கும் ஒரு வாக்கு. இந்தப் புரட்சியை அந்நாளைய சங்கத் துணைவிதிகள் சந்தடியில்லாமல் செய்தன. அவற்றைப் படித்தவன், பொதுக்குழுவிலே எழுந்து கணக்குக் கேட்பான். கேட்கக் கூடாது என்று நினைப்பவர்களுக்குத்தான் அந்த ஏடுகள் மங்கிப்போவது மகிழ்ச்சி!

ஆனால் ஒன்று. மறுபதிப்பு என்ற பெயரால் நடக்கும் சில காரியங்களை நாம் வரவேற்க முடியாது. பழைய பக்கத்தைப் படம் பிடித்து, பாதி எழுத்து விழுங்கப்பட்ட நிலையில், முன்னுரையும் இல்லாமல் குறிப்பும் இல்லாமல், பளபளக்கும் அட்டை போட்டுப் பல நூறு ரூபாய்க்கு விற்கிறார்களே, அதைப் பதிப்பு என்பதா, வியாபாரம் என்பதா? சட்ட நூலிலே இந்த அலட்சியம் ஆபத்து. 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் பழைய பிரதியிலே, ஏழு பேர் கையெழுத்திட்டால் சங்கத்தைப் பதிவு செய்யக் கோரலாம் என்றிருக்கும். 2001ஆம் ஆண்டுத் திருத்தமோ, தொழிலாளரில் பத்தில் ஒரு பங்கினர் அல்லது நூறு பேர், இதில் எது குறைவோ அந்த அளவு உறுப்பினர் வேண்டும் என்று மாற்றிவிட்டது. பழைய ஏட்டை நம்பி ஏழு பேரோடு போகும் தொழிலாளி ஏமாந்து திரும்புவான். அதற்குள் முதலாளி விழித்துக்கொள்வான்!

இன்னொரு பாடமும் உண்டு. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகளை ஒல்லாந்து அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் பார்த்து ஒப்பினார்கள். 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலிமை தந்தார்கள். அதுவே தேசவழமை. சொத்து, சீதனம் பற்றிய அதன் விதிகள் பிற்காலச் சட்டங்களின் திருத்தத்தோடு இன்னும் அங்கே உயிரோடு இருக்கின்றன. ஆனால் அதே ஏட்டிலே அடிமைகளைப் பற்றிய விதிகளும் உண்டு! அந்தப் பகுதியை வெட்டிவிட்டு அச்சிடலாமா? கூடாது. வெட்டினால், நம் முன்னோர் குற்றமே அறியாதவர் என்ற பொய் பரவும். குறிப்பில்லாமல் அப்படியே விடலாமா? அதுவும் கூடாது. விட்டால், அந்தக் கொடுமைக்கு நாம் குடை பிடித்தவர்களாவோம். உள்ளதை உள்ளபடி அச்சிட்டு, 'இது ஒழிந்தது, ஒழிய வேண்டியது' என்று அடியிலே எழுதுவதே நேர்மை. உத்தரமேரூர்க் கல்வெட்டையும் இப்படித்தான் படிக்க வேண்டும். குடவோலை முறையைப் புகழ்கிறோம்; கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் போட்டியிடக் கூடாது என்ற விதியை இன்றைய தலைவர்களுக்கும் நினைவூட்டுகிறோம். அதே கல்வெட்டு நிலமுடையோர்க்கும் வேதம் கற்றோர்க்கும் மட்டுமே கதவு திறந்தது என்பதை மறைத்தால், அது வரலாறாகாது.

ஆகவே நாம் கேட்பது பெரிதல்ல. மூலத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் அச்சிடுக. பக்கத்திலேயே இன்றைய எளிய தமிழில் விளக்கம் தருக. ஒவ்வொரு பிரிவின் அடியிலும், உயிரோடிருக்கிறதா, மாறியதா, மறைந்ததா என்று ஆண்டோடு குறிக்க. விலையை ஒரு நாள் கூலியின் சிறு பகுதிக்குள் அடக்குக.

செய்ய முடியாத காரியமா இது? 1889இல் மறைந்த வேதநாயகரின் எழுத்துக்கு உரிமை கோர இன்று எவருமில்லை. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டானால் நூல் பொதுச் சொத்து என்பது நாட்டுச் சட்டம். சட்டமன்றம் இயற்றிய சட்டத்தை விளக்கவுரையோடு வெளியிடவும் பதிப்புரிமைச் சட்டமே வழி விட்டிருக்கிறது. பாரதியின் எழுத்தை 1949இல் நாட்டுடைமையாக்கிய நாடு இது. தமிழ் இணையக் கல்விக்கழகம் பழைய நூல்களைப் படமாக்கி வைத்திருக்கிறது. ரோஜா முத்தையா நூலகமும் கன்னிமாரா நூலகமும் காத்து வைத்திருக்கின்றன. காத்தது போதும், இனிக் கொடுக்க வேண்டும். 2019 முதல் உச்சநீதிமன்றமே தன் தீர்ப்புகளை மாநில மொழிகளில் வெளியிடுகிறது. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கீழ்நீதிமன்றங்களில் தமிழுக்கு இடமுண்டு. இடம் கொடுத்தால் போதுமா? அந்த இடத்தில் அமர்ந்து படிக்க ஏடு வேண்டாமா?

அரசினர் ஒரு குழு அமைக்கட்டும். சட்டக் கல்லூரிகள் தங்கள் மாணவர்க்கு இதை வேலையாகக் கொடுக்கட்டும். தொழிற்சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் தத்தம் பழைய துணைவிதிகளையும் ஆண்டறிக்கைகளையும் கறையான் தின்னுமுன் வெளியே எடுக்கட்டும். ஆர்.கே.பேட்டைப் படிப்பகத்திலே மாலை நேரம் பத்திரிகை படிக்க வரும் தோழர்கள், வாரம் ஒரு நாள், ஒருவர் படிக்க மற்றவர் கேட்க, ஒரு சட்டத்தையாவது முழுதாகப் படித்து முடிக்கட்டும். எழுத்தறியாத தாயும் கேட்டுப் புரிந்துகொள்வாள். புரிந்தவள் கேள்வி கேட்பாள்.

ஆடையின்றி நிற்பவனுக்கு ஆடை நெய்து தருகிறவன் நெசவாளி. அவன் அறிவை அறியாமையில் நிறுத்தி வைத்திருப்பது நாட்டுக்கு அழகல்ல. அவனை ஆளும் சட்டம் அவன் மொழியிலே, அவன் விலையிலே, அவன் கைக்கு வரட்டும். அதைத் தருவது சலுகையல்ல, கடமை!