ஜேபித் துப்பாக்கி என்னும் புதுத் தாயத்து

கூடுவாஞ்சேரியில் புரோகிதர் இல்லாத திருமணம் ஒன்றை முன்னின்று நடத்தி வைத்த தோழர் ஒருவருக்கு, "உன்னைத் தீர்த்து விடுவோம்" என்பதாகக் கையெழுத்தில்லாத கடிதங்கள் இரண்டு வந்தனவாம். அவர் நம்மிடம் வந்து, "ஐயா, சட்டை ஜேபியில் மறைத்து வைத்துக் கொள்ளத்தக்க, விலையும் அதிகமில்லாத சின்னத் துப்பாக்கி எது என்று தாங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்று கேட்டார்.

அவரைப் பயந்தாங்கொள்ளி என்று நாம் நினைக்கவில்லை. பயப்படக் காரணம் இருக்கவே இருக்கின்றது. 2013-ல் புனேயில் தபோல்கர், 2015-ல் கோலாப்பூரில் பன்சாரே, அதே ஆண்டில் தார்வாரில் கல்புர்கி, 2017-ல் பெங்களூரில் கௌரி லங்கேஷ் ஆகியவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டது எதற்காக? திருடினார்களா, கொள்ளையடித்தார்களா? மூட நம்பிக்கையையும் மத வெறியையும் கண்டித்துப் பேசியதும் எழுதியதும் தவிர வேறு குற்றம் என்ன? ஆகவே தோழரின் கேள்வியைத் தள்ளிவிடாமல், பகுத்தறிவைக் கொண்டு ஆராய்ந்து பார்ப்போம்.

முதலாவது, என்ன கிடைக்கும்? 9 மில்லிமீட்டர், .38 முதலிய ரகங்களைச் சாதாரண ஜனங்கள் வைத்திருக்கக் கூடாதென்று சர்க்கார் தடுத்திருப்பதால், பெரும்பாலும் .32 ரகந்தான் மிச்சம். 2014-ல் கான்பூர் சர்க்கார் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற ரிவால்வரைப் பெண்களுக்கென்றே செய்து வெளியிட்டது. ஆறு குண்டு, அரைக் கிலோ எடை, கைப்பைக்குள் அடங்கும். 2012-ல் டில்லியில் சீரழித்துக் கொல்லப்பட்ட பெண்ணை நினைவூட்டும் பெயர். விலையோ அப்பொழுதே ரூ. 1,22,360! மறைமலை நகர்த் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு முடித்து, இருட்டில் பஸ்ஸுக்கு நிற்கின்ற பெண் இதை எத்தனை மாதச் சம்பளத்தில் வாங்குவது? தெருவுக்கு விளக்கும், நேரத்துக்கு பஸ்ஸும், கூப்பிட்டால் வருகின்ற போலீசும் கொடுக்க வேண்டிய சர்க்கார், செத்தவள் பேரைச் சொல்லித் துப்பாக்கி விற்பதற்கும், காலராவுக்குக் கோயிலில் கயிறு விற்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

இரண்டாவது, லைசென்சு. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். போலீஸ் விசாரணை நடக்க வேண்டும். லைசென்சில்லாமல் வைத்திருந்தாலோ, 2019-ல் செய்த திருத்தத்தின்படி குறைந்தது இரண்டு வருஷம் ஜெயில். லைசென்சு கிடைத்தாலும், தேர்தல் வந்ததும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லுவது வழக்கம். அதாவது மேடையேறிப் பேசவேண்டிய காலத்தில், காப்பாற்ற வேண்டிய சாமான் பெட்டிக்குள் தூங்கும்!

மூன்றாவதும் முக்கியமானதும் யாதெனில், அது காப்பாற்றுமா என்பதே. தபோல்கர் காலை நடைக்குப் போன இடத்தில் சுடப்பட்டார். பன்சாரே மனைவியோடு நடந்து வருகையில் சுடப்பட்டார். மனைவிக்கும் குண்டு பாய்ந்தது. கல்புர்கி தம் வீட்டுக்கு வந்தவனாலேயே சுடப்பட்டார். கௌரி தம் வீட்டு வாசலிலேயே விழுந்தார். இந்த நால்வரில் எவருக்கு ஜேபிக்குள் கைவிட நேரம் இருந்தது? நேரத்தையும் இடத்தையும் கொலைகாரனல்லவா தேர்ந்தெடுக்கின்றான்! கல்புர்கியையும் கௌரியையும் கொன்றது ஒரே 7.65 மில்லிமீட்டர் நாட்டுப் பிஸ்டல் என்று தடயச் சோதனை சொல்லிற்று. நம் தோழர் தேடுகின்ற .32 பிஸ்டலின் தோட்டாவும் அதுவேதான். அங்குலக் கணக்கில் ஒரு பேர், மில்லிமீட்டர் கணக்கில் ஒரு பேர். ஒளிந்து வந்து கொல்லுகிறவனுக்கு உதவின அந்தச் சிறு கருவி, வெளிச்சத்தில் நின்று பேசுகிறவனுக்கு அதே மாதிரி உதவாது.

"நமக்கு நிதானம் உண்டே, தவறாக உபயோகிப்போமா?" என்று சிலர் கேட்கலாம். நம்மவர் சங்கதியையே மறைக்காமல் சொல்லுகின்றோம். மேடையில் கடவுளையும் சாஸ்திரத்தையும் கிழித்தெறிந்த எம்.ஆர். ராதாவைவிட அஞ்சாத நடிகர் யார்? 1967 ஜனவரி 12-ந் தேதி இராமாவரத்தில் எம்.ஜி.ஆர். வீட்டில் நடந்ததென்ன? எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டு பாய்ந்து ஆயுள் முழுதும் குரல் கெட்டது, ராதாவும் குண்டுபட்டார், பிறகு தண்டனை பெற்று ஜெயிலுக்குப் போனார். துப்பாக்கி இல்லாதிருந்தால் அந்தத் தகராறு வசைச் சொல்லோடு தீர்ந்திருக்குமல்லவா? பகுத்தறிவு பேசுகிறவனுக்கும் கோபம் வரும். கோபத்துக்கு அரைக் கிலோ இரும்பு அருகில் இருக்கக் கூடாது.

நாம் அகிம்சை பஜனை பாடுகிறவர்களல்ல. அடிக்க வந்தவனைத் தடுத்து அடிக்க 2023-ம் வருஷத்து நியாய சன்ஹிதையின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளே உரிமை தருகின்றன. அந்த உரிமையை ஒருவரும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் ஜேபியில் கிடக்கின்ற இரும்பு தைரியம் தருமென்பது, அரையில் கட்டிய தாயத்து தைரியம் தருமென்பது போன்றதேயாகும். ஆயுத பூஜையில் ஆயுதத்துக்குப் பொட்டு வைப்பவனைப் பார்த்துச் சிரிக்கின்ற நாம், அதே ஆயுதத்தை நெஞ்சோடு அணைத்துக் கொண்டு தூங்கலாமா?

ஆகையால் கூடுவாஞ்சேரித் தோழருக்கு நாம் சொன்னது இதுதான். அந்தக் கடிதங்களை எழுத்து மூலமான புகாரோடு போலீசில் கொடுத்து ரசீது வாங்குங்கள். அடுத்த கூட்டத்தில் அவற்றை எல்லோர் காதிலும் விழும்படி படியுங்கள். இரவில் தனியே போகாதீர்கள். போகிற வழியையும் நேரத்தையும் மாற்றிக் கொள்ளுங்கள். அடுத்த திருமணத்தை இன்னும் நூறு பேரை அழைத்து நடுத்தெருவிலேயே நடத்துங்கள். ஒரு ஆளைச் சுட ஒரு குண்டு போதும். ஊரே செய்கின்ற காரியத்தைச் சுடுவதற்குக் குண்டு இல்லை.

தோழர் துப்பாக்கி வாங்கவில்லை. அடுத்த திருமணத்துக்கு நாள் வைத்துவிட்டார்; அந்த நாளுக்கு ராகு காலமும் பார்க்கவில்லை.